மோட்டாரின் நாடி பிடிக்கும் சிப்: பயனுள்ள குறிப்புகள்

அலங்காநல்லூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வாடிவாசல்தான் நினைவுக்கு வரும். தைத் திருநாள் முடிந்த பிறகு இது கிணற்று மோட்டாரையும் கறவை மாட்டையும் நம்பிப் பிழைக்கும் ஊர். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வராத நாட்களில் நெல்லும் வாழையும் கரும்பும் மோட்டார் ஓடினால்தான் உயிர் பிழைக்கும். அந்த மோட்டார் திடீரென்று படுப்பது குறைவு. பேரிங் தேய்வதும், அடிப் போல்ட் தளர்வதும், இம்பெல்லரில் சல்லி சிக்குவதும் முன்கூட்டியே அதிர்வில் தெரிந்துவிடும். காதுக்கு எட்டும் முன்பே அந்த அதிர்வை அறியும் சிப், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெயர் முடுக்கமானி, கடையில் ஆக்சிலரோமீட்டர் என்று கேட்க வேண்டும். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் அதிர்வு அளக்கும் கருவியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கலாம். செய்யும்போது இடறும் இடங்களையும் இடறாமல் போகும் வழிகளையும் கீழே தருகிறேன்.

1. மேசையில் சும்மா கிடக்கும்போதே சிப் 1 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு, காட்டும். அது பழுதல்ல. உள்ளே சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய எடை ஒன்று, சிலிக்கான் வில்களில் தொங்குகிறது. எடையோடு சேர்ந்து அசையும் மெல்லிய தகடுகளுக்கும் அசையாத தகடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறினால் கெப்பாசிட்டன்ஸ் மாறும். அந்த மாற்றத்தைத்தான் சிப் எண்ணாக்கித் தருகிறது. பூமி இழுக்க, மேசை தாங்குகிறது அல்லவா, அந்தத் தாங்கலையும் எடை உணர்கிறது. அதனால் மேல் நோக்கிய அச்சில் 1 ஜி வரும். கை நழுவி விழும் கண நேரத்தில் மட்டும் மூன்று அச்சுகளும் 0-க்கு அருகே போகும். இதே தத்துவத்தில் நம் நாட்டில் செய்த ஆறு முடுக்கமானிகள், சந்திரயான் 3 லேண்டரில் இருந்த இல்சா கருவியில் நிலவுக்குப் போயின. 2023 ஆகஸ்ட் 25 அன்று ரோவர் நகர்ந்த அதிர்வை அந்தக் கருவி பதிவு செய்தது. மறுநாள் இயற்கையானது போலத் தெரிந்த ஓர் அதிர்வையும் பிடித்தது. சந்திரயான் 3 திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். உங்கள் மேசையில் கிடப்பதும் அதே குடும்பத்துச் சிப்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கொடுங்கள்.

2. காசு செலவழிக்கும் முன் கையில் இருக்கும் போனில் பழகுங்கள். எல்லா ஸ்மார்ட்போனிலும் முடுக்கமானி உண்டு. படம் பார்க்கும்போது திரை படுப்பதும் நிமிர்வதும் அதனால்தான். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இறக்கிக்கொண்டு, வாஷிங் மெஷின் மூடி மேலோ கிரைண்டர் மேடை மேலோ போனை வைத்துப் பாருங்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு நடுக்கம் என்று வரைபடமாகக் காட்டும். இயங்கும் பம்புசெட் மேலோ பைக் இன்ஜினை ஒட்டியோ போனை நெடுநேரம் வைக்காதீர்கள். பலத்த இன்ஜின் அதிர்வு கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

3. வேலைக்குத் தகுந்த சிப்பை வாங்குங்கள். எம்பியு 6050 எல்லாக் கடையிலும் கிடைக்கும், சுழற்சி அறியும் கைரோவும் கூடவே இருக்கும். சரிவு, அசைவு, மாட்டின் நடை ஆகியவற்றுக்குப் போதும். மோட்டாருக்கு ஏடிஎக்ஸ்எல் 345 நல்லது: நொடிக்கு 3200 அளவீடு வரை தரும், 16 ஜி வரை தாங்கி அளக்கும். பாட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டுமானால் எல்ஐஎஸ்3டிஎச். ஏடிஎக்ஸ்எல் 335 பழைய வகை. எண்ணாகத் தராமல் வோல்டேஜாகத் தரும். நிரல் எழுதத் தெரியாதவர் மல்டிமீட்டரை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம் என்பதால், பள்ளிப் பிள்ளைக்கு முதல் பாடம் நடத்த அதைவிடச் சிறந்தது இல்லை. 3 வோல்ட் கொடுத்தால் படுக்கையாக இருக்கும் அச்சில் 1.5 வோல்ட் இருக்கும்; நிமிர்த்தினால் ஏறக்குறைய 0.3 வோல்ட் கூடும், கவிழ்த்தால் அதே அளவு குறையும்.

4. தனிச் சிப்பை வாங்காதீர்கள். போர்டில் பொருத்தியதை வாங்குங்கள். ஏடிஎக்ஸ்எல் 345 மூன்று மில்லிமீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர்தான், கால்களே கிடையாது. அடிப்பக்கத்தில் 14 பட்டைகள் ஒட்டியிருக்கும். சாதாரண சால்டரிங் அயர்னால் அதில் ஈயம் வைக்க முடியாது.

5. வீட்டுக்கு வந்ததும் முதலில் சிப்பிடம் பெயர் கேளுங்கள். ஒவ்வொரு சிப்பிலும் அடையாள எண் பதிந்திருக்கும். ஏடிஎக்ஸ்எல் 345 ஹெக்ஸ் ஈ5 என்று சொல்ல வேண்டும், எம்பியு 6050 ஹெக்ஸ் 68 என்று சொல்ல வேண்டும். 6050 என்று விற்ற போர்டு 70 என்று சொன்னால் அதில் இருப்பது எம்பியு 6500. அதுவும் வேலை செய்யும்; ஆனால் நிரல் நூலகம் சில நேரம் ஏற்க மறுக்கும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், பில்லை வைத்துக்கொண்டு அன்றைக்கே சோதித்துவிடுங்கள். இன்னொன்று: இரண்டு சிப்புகளுமே கரண்ட் கொடுத்தவுடன் அளக்கத் தொடங்காது. 6050 உறக்கத்தில் இருக்கும். அதன் 6பி பதிவகத்தில் 0 எழுதினால் விழிக்கும். 345-க்கு 2டி பதிவகத்தில் 8 எழுத வேண்டும். இதை விட்டுவிட்டு, வெறும் பூஜ்யமாக வருகிறதே, போர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் நிறைய.

6. ஐந்து வோல்ட்டில் கவனம். இந்தச் சிப்புகள் 3.3 வோல்ட் சாதி. ஏடிஎக்ஸ்எல் 345-இன் உச்ச வரம்பே 3.9 வோல்ட்தான். போர்டில் ரெகுலேட்டர் இருந்தால் ஆர்டுயினோ ஊனோவின் 5 வோல்ட்டைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் கொடுத்த கணமே முடிந்தது. சிக்னல் ஒயர்களுக்கு லெவல் கன்வெர்ட்டர் போடுவது உத்தமம். புதிதாகக் கன்ட்ரோலர் வாங்குபவர்கள் ஈஎஸ்பி 32 வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை, அதுவும் 3.3 வோல்ட்தான், வைஃபையும் கிடைக்கும். ஐ-டூ-சி முறையில் இணைக்கும்போது 345-இன் சிஎஸ் காலை 3.3 வோல்ட்டோடு கட்டாயம் சேர்க்க வேண்டும்.

7. ஒயர் ஒரு முழத்துக்கு மேல் போக வேண்டாம். ஐ-டூ-சி என்பது ஒரே போர்டுக்குள் இருக்கும் சிப்புகள் பேசிக்கொள்ள வந்த முறை. மோட்டார் கொட்டகையின் ஒரு மூலையில் சிப்பும் மறு மூலையில் கன்ட்ரோலருமாக வைத்தால் ஸ்டார்ட்டர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் எண்கள் குழம்பும். கன்ட்ரோலரைச் சிப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தகவலை வைஃபையில் அனுப்புங்கள்.

8. ஆறு பக்கமும் புரட்டி அளவைச் சரிபாருங்கள். சிப்பைச் சதுரமான சிறு மரக்கட்டையில் ஒட்டி, ஒவ்வொரு அச்சையும் ஒருமுறை மேலே பார்க்கவும் ஒருமுறை கீழே பார்க்கவும் வைத்து எண்களைக் குறியுங்கள். எக்ஸ் அச்சு மேலே பார்க்கும்போது 268, கீழே பார்க்கும்போது கழித்தல் 248 என்று வந்தால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 10. அது பிழை, எப்போதும் கழிக்க வேண்டியது. வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 258. அந்தச் சிப்புக்கு 1 ஜி என்பது அதுதான். 345-க்குத் தயாரிப்பாளர் சொல்வது 256. இந்தச் சிறிய வேலையைச் செய்யாமல் எடுத்த கணக்கை நான் நம்ப மாட்டேன்.

9. இனிச் சொல்லப் போவதுதான் தலையான குறிப்பு: பொருத்துவதில் இருக்கிறது பாதி வேலை. சிப் தன் உடம்பின் அசைவைத்தான் சொல்லும், மோட்டாரின் அசைவை அல்ல. இரண்டும் ஒன்றாக வேண்டுமானால் சிப் மோட்டாரோடு ஒரே உடம்பாக ஒட்டியிருக்க வேண்டும். பஞ்சு வைத்த இருபக்க டேப்பில் ஒட்டினால் பஞ்சு அதிர்வைக் குடித்துவிடும். ஜம்பர் ஒயரில் தொங்கவிட்டால் போர்டு தன் பாட்டுக்கு ஆடும், அந்த ஆட்டத்தை மோட்டாரின் நோய் என்று நினைத்துக்கொள்வோம். ஓர் அலுமினியத் துண்டில் போர்டின் நான்கு மூலையையும் திருகாணி போட்டு இறுக்குங்கள். திருகாணிக்கும் போர்டின் செம்புத் தடத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷர் இருக்கட்டும். பிறகு மோட்டாரில் பேரிங் இருக்கும் இடத்துக்கு நேராக, வார்ப்பிரும்பு உடம்பில், பெயிண்டையும் கிரீஸையும் சுரண்டி எடுத்துவிட்டு அந்த அலுமினியத் துண்டை அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். பின்புறத்துக் காற்றாடி மூடியில் ஒட்டவே கூடாது; அது மெல்லிய தகரம், தானாகவே கடகடக்கும். டெர்மினல் பாக்ஸ் மூடியும் அப்படித்தான். ஒயரை ஓரிடத்தில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஒயர் இழுக்கும் இழுப்பும் கணக்கில் சேரும். சிப்பின் மூன்று அச்சுகளும் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று மோட்டார் உடம்பிலேயே பெயிண்டில் அம்புக்குறி போடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கழற்றி மாட்டினாலும் அதே இடம், அதே திசை இருக்க வேண்டும்.

10. ஒட்டும் முன் மெயினை அணைத்து ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மும்முனை மின்சாரம் 415 வோல்ட். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருந்து சென்சாருக்குக் கரண்ட் எடுக்க ஒருபோதும் முயல வேண்டாம். பவர் பேங்கோ தனி அடாப்டரோ போதும். கொட்டகையில் வேலை செய்யும்போது இன்னொருவர் கூட இருக்கட்டும்.

11. மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படித்த பிறகு அளவீட்டு வேகத்தை முடிவு செய்யுங்கள். 2880 ஆர்பிஎம் என்று இருந்தால் நொடிக்கு 48 சுற்று, அதாவது 48 ஹெர்ட்ஸ். 1440 என்றால் 24. ஓர் அதிர்வைப் பிடிக்க அதைப் போல் இருமடங்குக்கு மேல் அளவீடு எடுத்தாக வேண்டும். ஐந்து, பத்து மடங்கு எடுத்தால்தான் தெளிவு. ஐ-டூ-சி வழியாக 345 நொடிக்கு 800 அளவீடு வரை சரியாகத் தரும். 3200 வேண்டுமானால் எஸ்பிஐ முறைக்கு மாறுங்கள். கிடைத்த எண்களை அதிர்வெண் வாரியாகப் பிரித்தால், அதாவது எஃப்எஃப்டி போட்டால், மோட்டார் தன் நோயைத் தானே சொல்லும். சுற்று வேகத்திலேயே, 48-இல், உயரமான கோடு நின்றால் சமநிலை கெட்டிருக்கிறது: இம்பெல்லரில் எதுவோ சிக்கியிருக்கலாம், இறகு உடைந்திருக்கலாம். இருமடங்கில், 96-இல், கோடு வளர்ந்தால் இணைப்பு நேர்கோட்டில் இல்லை, அல்லது அடிப் போல்ட் தளர்ந்திருக்கிறது. சரியாக 100-இல் நின்றால் அது மின்சாரத்தால் வருவது, நம் 50 ஹெர்ட்ஸின் இருமடங்கு. ஒரு ஃபேஸில் வோல்டேஜ் குறைகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். 96-க்கும் 100-க்கும் உள்ள அந்த நான்கு ஹெர்ட்ஸைப் பிரித்தறிய, ஒரே மூச்சில் ஒரு நொடி நேரமாவது அளவீடு எடுக்க வேண்டும். பேரிங் தேய்மானம் தொடக்கத்தில் இதையெல்லாம் தாண்டிப் பல நூறு ஹெர்ட்ஸ்களில் சிதறித் தெரியும். எம்பியு 6050-இன் முடுக்கமானி 260 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் அது கண்ணில் படாது. மோட்டாருக்கு 345 வாங்கச் சொன்னது இதனால்தான்.

12. நோய் வந்த பிறகு அளப்பதில் பயன் குறைவு. மோட்டார் நன்றாக ஓடும் இன்றைக்கே அளந்து வையுங்கள். எத்தனை ஜி இருந்தால் ஆபத்து என்று எல்லா மோட்டாருக்கும் பொதுவான எண் கிடையாது. கான்கிரீட் மேடையில் இறுக்கிய மோட்டாரும் கிணற்றுக்குள் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மோட்டாரும் ஒன்றா? எண்களின் சராசரியைக் கழித்து, மீதியை வர்க்கமாக்கி, அதன் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தால் ஒரே எண் கிடைக்கும். அதைத் தேதி, வோல்டேஜ், கிணற்று நீர்மட்டம் மூன்றோடும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். நீர்மட்டம் இறங்கிக் காற்றை உறிஞ்சினாலும் அதிர்வு எகிறும், அது பேரிங் குற்றமல்ல. அதே நிலைமையில் எண் இருமடங்கானால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நடவு நேரத்தில் ரீவைண்டிங் கடையில் வரிசையில் நிற்பதைவிட, ஒரு மாதம் முன்னால் ஒரு பேரிங் மாற்றுவது எவ்வளவோ மேல்.

13. போர்வெல்லுக்குள் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. மேலே இருக்கும் குழாயில் ஒட்டினால் தண்ணீரின் இரைச்சலும் குழாயின் ஆட்டமும்தான் அதிகம் வரும். ஓடுகிறதா, நின்றுவிட்டதா, வெறுங்காற்றைத் தள்ளுகிறதா என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். வயலுக்கு நடந்து போகாமல் இதைத் தெரிந்துகொள்வதே பெரிய வசதி.

14. சீலிங் ஃபேன் ஆட்டத்தை அளக்கும்போது 2 ஜி வரம்பில் வையுங்கள். 48 ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆடும் மோட்டார் ஏறக்குறைய 1 ஜி காட்டும். நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் ஃபேன் அதே அளவு ஆடினால் 1 ஜி-யில் நூறில் ஒரு பங்குதான் வரும். மோட்டாருக்கு வைத்த 16 ஜி வரம்பிலேயே ஃபேனையும் அளந்தால், சில சிப்புகளில் அந்த எண் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். மோட்டாரில் இதற்கு நேர்மாறு: எண் உச்ச வரம்பில் தட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றால் வரம்பைக் கூட்டுங்கள்.

15. தூரம் கணக்கிட இந்தச் சிப்பை நம்பாதீர்கள். முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால் தூரம் வரும் என்பது பாடப்புத்தகத்தில் சரி. 10 மில்லி ஜி பிழை இருந்தால், அசையாமல் நிற்கும் வண்டி பத்து நொடியில் ஐந்து மீட்டர் போய்விட்டதாகக் கணக்கு வரும். ஒரு நிமிடத்தில் 176 மீட்டர். கண்காட்சிக்கு இந்தத் தலைப்பை எடுத்துவிட்டுத் தவிக்கும் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சரிவு, அதிர்வு, தட்டு, விழுதல் ஆகிய நான்கில் ஒன்றைத் தலைப்பாக எடுங்கள்.

16. சரிவு அளக்க ஒற்றை அச்சைப் பார்க்காதீர்கள். படுக்கை நிலையில் ஒரு டிகிரி சாய்ந்தால் 17 மில்லி ஜி மாறும். செங்குத்துக்கு அருகே வந்தால் அதே ஒரு டிகிரிக்கு மாற்றம் கண்ணுக்கே தெரியாது. இரண்டு அச்சுகளையும் எடுத்து ஏடேன்2 சார்பில் போட்டால் எல்லாக் கோணத்திலும் சரியாக வரும். குளியலறைத் தரையில் தண்ணீர் ஓட வாட்டம் இருக்கிறதா என்று டைல்ஸ் ஒட்டும்போதே பார்க்கலாம். கதவு திரும்புவதை மட்டும் இதனால் அறிய முடியாது. செங்குத்து அச்சில் சுழலும் பொருளுக்குப் புவியீர்ப்பு மாறுவதே இல்லை. அதற்குக் காந்தச் சுவிட்ச் போதும்.

17. மாட்டுத் தொழுவத்துக்கும் ஒரு வேலை உண்டு. பசு பருவத்துக்கு வந்தால் நிலைகொள்ளாமல் நடக்கும். அந்த நேரம் ஒரு நாளைக்குள் முடிந்துவிடும். தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். இரவில் வரும் பருவத்தை யார் பார்ப்பது? நடையை எண்ணும் சிப் பார்க்கும். சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு வளர்ந்த ஸ்டெல்லாப்ஸ் நிறுவனம், பசுவின் காலில் கட்டும் இத்தகைய கருவியைச் சந்தைக்கே கொண்டுவந்திருக்கிறது. வீட்டில் செய்பவர்கள் கழுத்துப் பட்டையில் கட்டலாம். நொடிக்கு 25 அளவீடு போதும். அசைபோடும்போது தாடை நொடிக்கு ஒருமுறை போல அசைவதும் கழுத்தில் தெரியும். அசைபோடும் நேரம் குறைவதுதான் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்பதன் முதல் அறிகுறி. கழுத்தில் மணி கட்டியிருந்தால் அதன் ஒவ்வோர் அடியும் கூரான முள்ளாக வரைபடத்தில் குத்தும். அளக்கும் நாட்களில் மணியைக் கழற்றிவிடுங்கள். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பெட்டியின் விளிம்புகளை அரம் போட்டு மழுக்குங்கள். ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் நடைப் பயிற்சியையும் ஓய்வையும் இப்படிப் பதிந்து வைக்கலாம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர், கீழக்கரை ஏறுதழுவுதல் அரங்கம் என எந்தக் களத்துக்குப் போனாலும், முதல் நாளே இதைக் கழற்றிவிட வேண்டும். களத்தில் மாட்டின் மேல் இருக்கும் எந்தப் பொருளும் மாட்டுக்கும் ஆபத்து, அணையும் வீரருக்கும் ஆபத்து.

18. பாட்டரி சீக்கிரம் தீர்ந்தால் சிப்பைக் குறை சொல்லாதீர்கள். நொடிக்கு 100 அளவீடு எடுக்கும் ஏடிஎக்ஸ்எல் 345 சுமார் 140 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கும். எல்ஐஎஸ்3டிஎச் நொடிக்கு ஓர் அளவீடு எடுத்தால் 2 மைக்ரோ ஆம்பியர். கரண்டைத் தின்பது கன்ட்ரோலரும், போர்டில் எப்போதும் எரியும் அந்தச் சிவப்பு எல்இடியும். எல்இடியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அசைவு வந்தால் சிப்பே இன்டரப்ட் காலில் தட்டிக் கன்ட்ரோலரை எழுப்பும். அதுவரை கன்ட்ரோலரை ஆழ்ந்த உறக்கத்தில் வையுங்கள். வாசலில் நிற்கும் பைக்கை யாராவது நகர்த்தினால் போனுக்குத் தகவல் வரும் ஏற்பாட்டையும் இதே முறையில் செய்யலாம்.

19. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சூடு ஏறினால் எண்ணும் நகரும்: 345-இல் எக்ஸ், ஒய் அச்சுகளில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 மில்லி ஜி, இசட் அச்சில் அதைவிட அதிகம். அதிர்வு அளக்க இது பொருட்டல்ல, சராசரியைக் கழித்துவிடுகிறோம். சரிவு அளப்பவர்கள் காலையிலும் உச்சியிலும் ஒருமுறை சரிபாருங்கள்.

20. பெட்டியை அடைக்கும் சிலிக்கோனை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை, காயும்போது அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிக்கும். போர்டு சில மாதங்களில் பச்சை பூத்துவிடும். நியூட்ரல் கியூர் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒயர் நுழையும் துளையைப் பெட்டியின் கீழ்ப் பக்கத்தில் போட்டு, ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டு உள்ளே விடுங்கள். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். துளையைச் சுற்றிலும் அடைத்தால்தான் எறும்பும் பல்லிக்குட்டியும் உள்ளே போகாது. போர்டைக் கழுவ அல்ட்ராசோனிக் தொட்டியில் மட்டும் போடாதீர்கள், உள்ளே தொங்கும் சிலிக்கான் வில்கள் முறியக்கூடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கி போதும்.